தாராபாத்திரமும் தகரக் கூரையும்

சித்திரை முதல் தேதியை ஒட்டிய நாட்களில், நடுப்பகலில் சூரியன் எங்கள் திருவேங்கடத்தின் நேர் உச்சிக்கு வந்துவிடும். ஒன்பதே கால் டிகிரி வடக்கு அட்சரேகையை ஒட்டி இருக்கிற ஊர். கணக்கு அப்படி விழுகிறது. கரண்டு கம்பத்தின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். அதன் பிறகு சூரியன் வடக்கே நகர்ந்து போய், ஆவணி பாதியில் திரும்பி வரும்போது இன்னொரு தடவை உச்சியில் நிற்கும். இந்த ஊரில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். இங்கே வெயில் சுவரில் அடிப்பதைவிடக் கூரையில் அடிப்பதுதான் அதிகம்.

வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுப்பது என் தொழில். அப்பா கொத்தனார். அவர் வேலை செய்த இடங்களில் மணல் சலித்துக்கொண்டு வளர்ந்து, பிறகு சிவில் டிப்ளமோ படித்தேன். என்னிடம் வருகிறவர்கள் வாசல் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். பூஜை அறை ஈசானி மூலையில் வருமா, மனையடி சாஸ்திரப்படி அறை அகலம் பதினொன்று வைக்கலாமா பதினாறு வைக்கலாமா என்று கேட்பார்கள். தெய்வத்தை நினைத்துக் கேட்கிற கேள்விகள் அவை, நான் மதிக்கிறேன். ஆனால், தெய்வ காரியம் என்றே நான் நம்புகிற இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. இந்த வீடு தன் மேல் விழுகிற சூட்டை என்ன செய்யப் போகிறது? அதை யார் தலையில் இறக்கப் போகிறது?

அக்னி நட்சத்திரம் பிறந்ததும் சிவன் கோயில்களில் லிங்கத்துக்கு மேலே தாராபாத்திரம் கட்டுவார்கள். அடியில் சிறு துளையிட்ட பாத்திரம். வெட்டிவேர் ஊறிய தண்ணீர் அதிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சாமியின் உச்சியில் விழுந்துகொண்டே இருக்கும். கல்லுக்குச் சுடுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு வாதம் இல்லை. வாய் திறந்து ‘சுடுகிறது’ என்று சொல்லாத ஒன்றுக்கும் சுடும் என்று உணர்கிற மனசு இருக்கிறதே, அதைப் பழக்குவதற்குத்தான் அந்தப் பாத்திரம் தொங்குகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த மனசு கோபுர வாசலைத் தாண்டி வெளியே வருகிறதா என்பதுதான் என் கவலை.

வெளியே வந்தால் இருப்பது தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் சிவகாசியில் தொடங்கிய தொழில், கோவில்பட்டி, சாத்தூர், திருவேங்கடம் என்று கரிசல் முழுக்கப் பரவியது. மழை குறைந்த, காற்றில் ஈரம் இல்லாத பூமி என்பதால்தான் குச்சியும் மருந்தும் இங்கே நன்றாகக் காய்ந்தன. மானவாரி ஏமாற்றிய வருஷங்களில் பெட்டி ஒட்டிய கூலிதான் அடுப்பெரித்தது. அந்த வகையில் வெயில் எங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது; அதை நான் பழிக்க மாட்டேன். பழிக்க வேண்டியது, அந்த வெயிலுக்கும் மனுஷத் தலைக்கும் நடுவே நாம் வைத்திருக்கிற கூரையை.

பெரும்பாலும் தகரம், இல்லாவிட்டால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். உச்சி வெயிலில் அதன் சூடு அறுபது டிகிரி வரைக்கும் ஏறும். மத்தியானம் இரண்டு மணிக்கு அப்படி ஒரு கொட்டகைக்குள் போய்க் கையை மேலே தூக்கிப் பாருங்கள். ஷீட்டைத் தொட வேண்டியதில்லை. ஒரு முழம் கீழே இருக்கும்போதே உள்ளங்கையில் அனல் தெரியும். காற்று சூடாகி அது நம்மைச் சுடுவது ஒரு பக்கம். ஷீட்டே நேராகத் தலையிலும் தோளிலும் அனலை வீசுவது இன்னொரு பக்கம். காற்றாடியால் இந்த இரண்டாவதை ஒன்றும் செய்ய முடியாது. அதற்குக் கீழே உட்கார்ந்து குச்சி அடுக்குகிற பெண்கள் புடவைத் தலைப்பை நனைத்துத் தலையில் போட்டுக்கொள்கிறார்கள். தாராபாத்திரத்தைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு நாலு லட்சம் ரூபாய் நிவாரணம். வேண்டிய அறிவிப்புதான், வரவேற்கிறேன். ஆனால் வெள்ளமும் புயலும் போல வெப்பம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. பாதியை நாமே கட்டி வைத்திருக்கிறோம். குடியிருப்புக் கட்டடங்களுக்காக 2018-இல் மத்திய அரசு கொண்டுவந்த ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பு, ஒரு சதுர மீட்டர் கூரை, வெளிக்கும் உள்ளுக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட்டுக்கு மேல் சூட்டை உள்ளே விடக்கூடாது என்கிறது. நாம் போடுகிற வெறும் நாலங்குல கான்கிரீட் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு விடும். ஷீட் அதற்கும் மேலே. அந்தப் புத்தகம் பெரிய அடுக்ககங்களை நினைத்து எழுதப்பட்டது. திருவேங்கடத்து ஒற்றை மாடி வீட்டை யாரும் அந்தக் கணக்கில் சோதிக்கப் போவதில்லை. அதனால்தான் இதை நான் சட்டத்தின் பேரில் கேட்காமல் தர்மத்தின் பேரில் கேட்கிறேன்.

அப்பா காலத்து மட்டப்பா இப்படி இல்லை. தேக்கு உத்திரத்துக்கு மேல் செங்கலைக் குத்துவசமாகச் சாய்த்து அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிக்க வேண்டும். அடி விழ விழச் சத்தம் மாறும். முதலில் பொதபொதவென்று கேட்பது, பிறகு கல்லில் அடிப்பதுபோல் ‘ணங்’கென்று வரும். கட்டை எகிறித் திரும்ப வேண்டும், அப்போதுதான் அப்பா தலையசைப்பார். அதற்கு மேல் தட்டோடு. ஒவ்வொரு பொங்கலுக்கும் சுண்ணாம்பு வெள்ளை. அந்த வெள்ளை அழகுக்காக அடித்தது என்று நினைத்து நாம் விட்டுவிட்டோம். புதுச் சுண்ணாம்பு தன் மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி வானத்துக்கே அனுப்பிவிடும். சூட்டை இன்னொருவர் மேல் தள்ளாமல், வந்த வழியிலேயே அனுப்பி வைக்கிற முறை இது ஒன்றுதான். அறநெறிப்படி யோசித்தாலும் இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

சாஸ்திரமும் சௌகரியமும் முட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. கன்னி மூலை. தென்மேற்கில் பெரிய படுக்கையறை வர வேண்டும், குடும்பத் தலைவர் அங்கே படுக்க வேண்டும் என்பது வழக்கம். ஆனால் எங்கள் ஊரில் பிற்பகல் வெயில் முழுக்க விழுவது அந்த அறையின் மேற்குச் சுவரில்தான். ஒன்பதங்குலச் செங்கல் சுவரைத் தாண்டி அந்தச் சூடு உள்ளே வருவதற்கு ஆறேழு மணி நேரம் ஆகும். மூன்று மணி வெயில் ராத்திரி ஒன்பது பத்துக்கு உள்பக்கம் வந்து சேரும், அவர் பாயைப் போடுகிற நேரத்துக்குச் சரியாக.

பருத்தி போட்டு, மகன்களைப் படிக்க வைத்து, கடைசி காலத்துக்கென்று வீடு கட்ட வந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன்.

“அதுக்காகக் கன்னி மூலையக் காலியா விட முடியுமா தாயி? நாலு பேரு கேட்டா என்ன சொல்லுவேன்?”

“காலியா விட வேண்டாம் பெரியப்பா. கன்னி மூலையில பாரம் இருக்கணும், உயரமா இருக்கணும்னுதான சொல்றாங்க? பாரத்தைச் சுவருக்கு வெளிய வைப்போம். மாடிப்படிய மேற்குச் சுவரை ஒட்டி ஏத்திருவோம். உள்பக்கம் சுவர் முழுக்க அலமாரி. வெயிலைப் படி வாங்கிக்கிடும்.”

அவர் ஜோசியரிடம் கேட்டுவிட்டு வந்தார். மேற்கிலும் தெற்கிலும் படி வரலாம் என்று ஜோசியரும் சொல்லிவிட்டார். கட்டினோம். சாஸ்திரத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் நல்ல வீடு கட்ட முடியும் என்று படித்தவர்கள் சிலர் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அக்னி மூலை, வாயு மூலை என்று நெருப்பையும் காற்றையும் திசையோடு சேர்த்து யோசிக்கச் சொல்லிக்கொடுத்த மரபு அது. அந்த யோசனையை விட்டுவிட்டு அடிக்கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டதுதான் நம் குறை. வீட்டுக்குள் இருக்கிறவர் தூங்க முடியாமல் புரண்டால் எந்த சாஸ்திரம் நிறைவேறியது?

இனி ஏசிக்கு வருகிறேன். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து ஐந்து கிலோவாட்டுக்குக் கொஞ்சம் கூடுதலான சூட்டை உறிஞ்சும். அதற்குத் தான் எடுத்துக்கொள்ளும் ஒன்றரை கிலோவாட் கரண்டையும் சூடாக்கிச் சேர்த்து வெளியே தள்ளும். ஆக ஆறரை கிலோவாட்டுக்கு மேல், நாலு மின்னடுப்பைச் சேர்த்து எரிய விட்ட அளவு, வெளிப்பெட்டி பார்க்கிற திசையில் போகிறது. எங்கள் ஊரில் அது பெரும்பாலும் பார்ப்பது முடுக்கை. முடுக்குக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஜன்னல். ஜன்னலுக்குள் சாயங்கால வெளிச்சத்தில் பெட்டி ஒட்டுகிற ஒரு கிழவி. குளிர்ச்சி என்று நாம் விலை கொடுத்து வாங்கியது உண்மையில் சூட்டை இடம் மாற்றுகிற வேலை. அந்தக் கரண்டுக்காகத் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் எரிகிற நிலக்கரியின் சூட்டிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி கடலுக்கும் காற்றுக்கும் போய்விடுகிறது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கழுகுமலை. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் மலையைக் குடைந்து வெட்டுவான் கோயிலைச் செய்த அதே பாறையில், சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் குரத்தியர் என்ற பெண் ஆசிரியர்களைப் பற்றிய குறிப்பும் உண்டு. நடக்கும்போது காலடியில் எது நசுங்குமோ என்று பார்த்து நடந்தவர்களின் நெறி அது. தெரிந்து செய்யும் கொடுமையை விடுவது எளிது. நம் வசதியின் மறுமுனையில், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நேரும் துன்பத்துக்கும் நாமே பொறுப்பு என்று ஏற்பதுதான் கொல்லாமையின் கடினமான பகுதி. அந்தக் குரத்தியரில் ஒருவர் இன்று எங்கள் முடுக்கில் நடந்தால், வெளிப்பெட்டியின் முன்னால் நிற்பார் என்று நினைக்கிறேன்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. அதைத் தட்டிக் கழிக்க மாட்டேன். பகலெல்லாம் ஷீட்டுக்கடியில் வெந்துவிட்டு வருகிறவள், தவணையில் ஒரு ஏசி வாங்கிப் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியாருக்குப் போட்டுவிட்டால், அவளிடம் போய் அடுத்த வீட்டுக் கணக்கைப் பேசுவதா? கூடாது. வெப்பம் ஆளைக் கொல்லும். 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வழக்கமான கணக்கைவிட 1,344 பேர் அதிகமாக இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த நகரம் 2013-இல் வெப்பத்துக்கென ஒரு செயல்திட்டமே வகுத்தது. முதியவருக்கும் கைக்குழந்தைக்கும் ஏசி மருந்து மாதிரி; யாரும் பறிக்கக்கூடாது. நான் கேட்பது அளவைப் பற்றி, வரிசையைப் பற்றி. கூரையைச் சரிசெய்யாமல், மேற்குச் சுவரை மறைக்காமல், முதல் வேலையாக ஏசி மாட்டுகிற வசதியுள்ள வீட்டைப் பற்றி. முதலில் கட்டடம் தன் கடமையைச் செய்யட்டும். அப்புறம் ஒரு சின்ன ஏசி, சில மணி நேரம், போதும். வெளிப்பெட்டியை மட்டப்பாவுக்கு ஏற்றிவிட்டால் அந்தச் சூடு முடுக்கில் தேங்காமல் மேலே போய்விடும். செம்புக் குழாய்க்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

நம்பிக்கையே கட்டடமாக வந்த இடம் ஒன்று புதுச்சேரியில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்தது. கட்டும் வேலையைக் கூடவே இருந்து கவனித்த ஜார்ஜ் நகாஷிமா ஆசிரமத்திலேயே சீடரானார். 1930களின் பிற்பாதியில் தொடங்கி 1940களில் முடிந்த கான்கிரீட் கட்டடம் அது. நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்திருக்கும். அந்த இரண்டு பக்கமும் கண்ணாடி ஜன்னல் கிடையாது. அடியிலிருந்து மேல்வரை சாய்த்துத் திருப்பக்கூடிய படுக்கைப் பலகைகள். கூரைத் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் தனியாக நிற்கும், நடுவில் காற்று ஓடும். ஏசி இல்லை. இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கட்டும் வேலையில் ஆசிரமவாசிகளே இறங்கினார்கள். அந்த உழைப்பை யோக சாதனையின் ஒரு பகுதியாகவே நினைத்தார்கள். என்னை அதிகம் தொட்டது பலகைகள்தான். வெயிலும் காற்றும் திரும்புவதைப் பார்த்து, குடியிருக்கிறவர் தன் கையால் அவற்றைத் திருப்ப வேண்டும். கவனம் இல்லாமல் அங்கே குளிர்ச்சி இல்லை. திருவனந்தபுரத்தில் எலிப்பொறிக் கட்டுச் சுவர்களால் எளியவர்களுக்கு வீடு கட்டித் தந்த லாரி பேக்கரும் குவேக்கர் நெறியில் வந்தவர். வீட்டுக்கான பொருள் ஐந்து மைல் சுற்றுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் எண்ணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தவர். அவருக்கும் எளிமை கட்டடக் கலைப் பாணியாக வரவில்லை, பக்தியாக வந்தது.

புதுச்சேரிக் காற்றில் ஈரம் அதிகம், அதனால் நாள் முழுக்கத் திறந்து வைப்பது அங்கே சரி. கரிசலில் அப்படிச் செய்தால் வெந்து போவோம். இங்கே சித்திரையில் காற்று காய்ந்திருக்கும். பகலில் எவ்வளவு சுடுமோ, ராத்திரி அவ்வளவு இறங்கும். காலை ஒன்பது மணிக்கு ஜன்னலையெல்லாம் சாத்தி, பொழுது சாய்ந்ததும் திறந்துவிடுவது எங்கள் ஆச்சிமார் வழக்கம். கனத்த சுவர் ராத்திரிக் குளிரை வாங்கி வைத்துப் பகலில் திருப்பிக் கொடுக்கும். தார்சாவில் பாயை விரித்துப் படுத்தால் மத்தியானத் தூக்கம் வரும். கோல்கொண்டேவின் பலகைக்கும் ஆச்சியின் ஜன்னல் கொண்டிக்கும் உள்ளே ஓடுவது ஒரே கவனம்தான். பொழுதறிந்து திறந்து சாத்துகிற வேலையை ரிமோட்டிடம் ஒப்படைத்தபோது, சந்தியா வேளையை உணர்கிற பழக்கமும் கூடவே போய்விட்டது. பக்தி உள்ளவர்களுக்கு அது சின்ன இழப்பில்லை.

சங்கரன்கோவிலுக்குப் போனால் புற்று மண் பிரசாதம் வாங்காமல் நான் திரும்புவதில்லை. சங்கன், பத்மன் என்ற இரண்டு நாகராஜாக்கள் சிவன் பெரிதா, பெருமாள் பெரிதா என்று சண்டை போட, கோமதியம்மன் தவமிருந்து, ஒரே திருமேனியில் பாதி சிவனும் பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் காட்சி கொடுத்த தலம். ஆடித்தபசுக்கு ஊரே அங்கே திரளும். வீடு கட்டுகிறவளாகப் பார்த்தால், பிரசாதமாக மண்ணைக் கொடுக்கிற கோயில், அதிலும் புற்று மண்ணைக் கொடுக்கிற கோயில் என்பது எனக்குப் பெரிய விஷயம். கறையான் புற்றைப் பார்த்துத்தான் ஜிம்பாப்வேயின் ஹராரேயில் மிக் பியர்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1996-இல் ஈஸ்ட்கேட் வளாகத்தை, வழக்கமான ஏசி ஏற்பாடு இல்லாமல், ராத்திரிக் காற்றைத் தளத்துக்கடியில் ஓட்டிக் குளிர வைக்கும்படி கட்டினார். பிற்பாடு ஆராய்ந்தவர்கள், புற்றுக்குள் சூடு அதிகம் ஏறி இறங்காமல் இருப்பதற்குப் பெரும்பாலும் சுற்றியிருக்கிற பூமியே காரணம், மேலே எழுந்து நிற்கிற பகுதி கூட்டம் முழுவதும் மூச்சு விடுவதற்கு என்று சொன்னார்கள். எப்படிப் பார்த்தாலும், கோடானுகோடி உயிருக்குச் சேர்ந்து ஒரே மூச்சு. ஒரு கறையானுக்குக் குளிர்ச்சி, இன்னொன்றுக்கு அனல் என்று அங்கே பிரிக்க முடியாது. என் வீட்டு உள்ளறையும் முடுக்கின் அந்தப் பக்கமும் இரண்டு என்று நினைப்பது, சங்கன் பத்மனின் பழைய சண்டைதான்.

அதனால் ஊர்ப் பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கோயில் டியூப்லைட்டில் உபயம் என்று பெயர் எழுதுகிறோம். சித்திரையில் பஜாரில் மூலைக்கு மூலை நீர்மோர்ப் பந்தல் போடுகிறோம். நல்ல தர்மம்தான், தொடரட்டும். அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் பங்குனிக்குள், தீப்பெட்டி ஆபீஸ்களின் கூரைக்கும் காலனியின் ஷீட் வீடுகளுக்கும் வெள்ளை அடிக்க ஒதுக்குங்கள். தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு மாநிலக் கொள்கை கொண்டுவந்திருக்கிறது. நாம் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இது உபயக்காரர் செய்யக்கூடிய வேலை. தகரத்துக்கு வெள்ளை எதிரொளிப்புப் பெயின்ட், இரண்டு கோட். கான்கிரீட்டுக்கு நீற்றுச் சுண்ணாம்பு போதும், பசை சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் உலர்வாகச் சுரண்டாதீர்கள், கம்பி பிரஷ் போடாதீர்கள். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் பாசியைத் துடைத்து, முகத்துக்கு நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு அடிக்க வேண்டும். ஷீட்டின் மேல் நேராகக் கால் வைத்தால் உடைந்துவிடும். பலகை போட்டு ஏறுங்கள். கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு தொடங்கினால் தை முடிவதற்குள் ஒரு தெருவை முடித்துவிடலாம். அளவெடுத்து, மதிப்பீடு போட்டுக் கொடுக்க நான் வருகிறேன், கூலி வேண்டாம்.